அணியில் இடமுண்டு, தலைமையில்?

2019 ஜூலை இறுதியில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி இயக்குநர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டி வருகிறார்கள். விளையாட்டு அணிக்கு ஆள் சேர்க்கவும் இடைவேளைகளில் குழுவாகக் கூடவும் அவை பயன்படுகின்றன. தடுத்து நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் அளித்த தகவலின் பேரில் எழுதப்பட்டது அது. எதிர்ப்புக் கிளம்பியதும், கொங்கு மண்டலத்தின் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன், சுற்றறிக்கை தமக்குத் தெரியாமல் சென்றது என்றும் பழைய நிலையே தொடரும் என்றும் அறிவித்தார். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில், அதே கயிறுகளைத் தடை செய்யும்படி மீண்டும் பரிந்துரைக்க வேண்டியிருந்தது.

கல்லூரி விளையாட்டு விழா மேடைகளில் ஆண்டுதோறும் ஒலிக்கும் இரண்டு வாக்கியங்கள் உண்டு. மைதானத்தில் சாதி இல்லை என்பது ஒன்று. விளையாட்டு தலைமைப் பண்பை வளர்க்கும் என்பது மற்றொன்று. அணி எப்படித் தேர்வாகிறது என்று அரசு ஆவணமே சொன்ன பிறகும் இவ்விரண்டும் ஒன்றையொன்று விசாரிக்காமல் அருகருகே நிற்கின்றன. விசாரிக்கும் கருவிகளான வரலாறும் சமூகவியலும் இலக்கியமும் வேறு கட்டடத்தில் இருக்கின்றன. பொறியியலும் வணிகவியலும் கோலோச்சும் கொங்குப் பகுதியின் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் அந்தக் கட்டடமே இல்லை.

வரலாற்றுத் துறையும் உடற்கல்வித் துறையும் சேர்ந்து கற்பிக்கத் தக்க ஒரு வாழ்க்கை பல்வங்கர் பாலுவுடையது. சமார் சாதியில் பிறந்து, புனேயில் ஐரோப்பியர் சங்கத்தின் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபடியே பந்துவீச்சில் தேர்ந்தவர். இந்து அணிக்கு அவருடைய பந்துவீச்சு தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு அரங்குக்கு வெளியே, தூக்கி எறியும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவருக்கு, இந்து அணியின் தலைமை முறைப்படி ஒருபோதும் அளிக்கப்படவில்லை. 1920இல் தலைமைக்கு அவர் புறக்கணிக்கப்பட்டபோது, தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். அந்தப் போராட்டத்தின் பலன் 1923இல் கிடைத்தது: விட்டல் அணித்தலைவரானார். அண்ணனின் விக்கெட்டுகள் திறக்காத கதவைத் தம்பிகளின் மறுப்பும் அன்று எழுந்த தீண்டாமை எதிர்ப்பு அரசியலும் திறந்தன. (இதே பாலு 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார் என்பது தனியே பேச வேண்டிய கதை.)

தலைமை என்ற சொல்லை அவிநாசியில் வைத்தும் பார்க்கலாம். இது தனித்தொகுதி. 2016இல் இங்கு வென்ற ப. தனபால், அருந்ததியர் சமூகத்தவர், அப்போதும் 2021 வரையிலும் சட்டப்பேரவைத் தலைவர். மாநிலத்தின் மிக உயர்ந்த நாற்காலிகளுள் ஒன்றில் இத்தொகுதியின் உறுப்பினர் அமர்ந்திருந்த 2018 ஜூலையில்தான், அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டனர். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றியது. போராட்டம் வெடித்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஏழாண்டுகளுக்குப் பின், 2025 நவம்பரில், திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு ஈராண்டு சிறைத்தண்டனை விதித்தது.

அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று கல்லூரி வயதினர். சமையலறையிலிருந்து ஒருவர் வெளியேற்றப்படுவதைக் கண்டவர்களும், வெளியேற்றப்பட்டவரின் தெருவிலிருந்து வந்தவர்களும் ஒரே கபடி அணியில் நிற்கிறார்கள். மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009 முதல் அருந்ததிய மாணவர்களுக்கு வகுப்பறைக் கதவைத் திறந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உட்பிரிவு ஒதுக்கீட்டை உறுதி செய்தது. ஆனால் அணித்தலைவர், பேரவைச் செயலர், விழா ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்புகளுக்கு ஒதுக்கீடு இல்லை. அவை 'இயல்பாக' அமைகின்றன. அந்த இயல்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் மாணவர் பிரிவினைவாதி ஆகிறார்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் சான்று. பெயர் குறிப்பிடாத ஒரு புகார் ஒன்றிய அமைச்சகம் வழியாகச் சுற்றி வந்து, 2015 மே மாதம் அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. நாடு முழுவதும் மாணவர்கள் எழுந்ததால் ஜூனில் திருப்பித் தரப்பட்டது. அது ஒரு தொழில்நுட்ப நிறுவனம் என்பதைக் கோவை, திருப்பூர் மாணவர்கள் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பம் கற்பிக்கும் வளாகத்திலும் வாசகர் வட்டம் இருக்க முடியும். அதன் அடுத்த கூட்டத்தை நூலகத்தில் கூட்டாமல், பயிற்சி முடிந்த மாலையில், கபடி அணியோடு மைதானத்திலேயே கூட்டலாம்.

முதல் வேலையும் எளியது. உடற்கல்வித் துறைச் சுவரில் ஒவ்வோராண்டு அணியின் புகைப்படமும் தொங்குகிறது. நடுநாற்காலியில் கோப்பையோடு இருப்பவர் அணித்தலைவர். இருபது ஆண்டுகளில் அந்த நாற்காலிக்கு யார் யார் வந்தார்கள், எப்படித் தேர்வானார்கள் என்பதை முன்னாள் வீரர்களிடமே கேட்டு எழுதுவது இளங்கலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய ஆய்வு. அரசுக் கல்லூரியில் தேர்வு விதிகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். சுயநிதிக் கல்லூரியில் அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.