காய்ந்த மரமே கதவுக்கு ஆகும்

பழகி, மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடு. அதை யாரும் நினைக்காத வேலைக்குப் பயன்படுத்து. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் வீடியோ கேம் கருவிகளை உருவாக்கிய குன்பெய் யோகோயின் சித்தாந்தம் இதுதான். அவர் பயன்படுத்திய சொல்லை நேராகத் தமிழாக்கினால் 'வாடிய தொழில்நுட்பம்' என்று வரும். ஆனால் அந்த ஜப்பானியச் சொல்லுக்கு முதிர்ச்சி என்ற சாயலும் உண்டு. நம் தச்சர்களுக்கு இது சட்டென்று புரியும். பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும். காய்ந்த மரம்தான் கதவுக்கு ஆகும்.

1965இல் யோகோய் வேலைக்குச் சேர்ந்தபோது நின்டெண்டோ சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனி. அவருக்கு இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. பின்னாளில் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாராம். கால்குலேட்டர் கம்பெனிகளின் போட்டியில் அதன் திரையும் சில்லும் மலிந்து கிடந்த காலம் அது. அவற்றைக் கொண்டே 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற பாக்கெட் விளையாட்டு பிறந்தது. ஜாய்ஸ்டிக் சட்டைப்பைக்குள் அடங்காது. எனவே 1982இல் கூட்டல்குறி வடிவில் ஒரு பொத்தானை வைத்தார். குனிந்து பார்க்காமலே கட்டைவிரலுக்குத் திசை தெரிந்தது. இன்றைய கேம் கன்ட்ரோலர்களில் இருப்பது அதன் வாரிசுதான்.

1989இல் வந்த கேம் பாயின் திரையில் வண்ணம் கிடையாது. பச்சை கலந்த சாம்பல்தான். அமெரிக்காவில் விலை சுமார் 90 டாலர். அதே ஆண்டு வந்த அட்டாரி லிங்ஸ் வண்ணத்தில் மின்னியது. விலை இரு மடங்கு. ஆறு பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதுவும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன.

மலிவு மட்டும் போதாது என்பதற்கும் யோகோயே சாட்சி. சிவப்பு விளக்கு மலிவு என்பதால், 1995இல் வந்த அவருடைய வர்ச்சுவல் பாயில் படம் முழுக்கச் சிவப்பு. மேஜைமேல் வைத்து அதற்குள் முகம் புதைத்து விளையாட வேண்டும். கழுத்தும் கண்ணும் வலித்தன. கருவி ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1996இல் நிறுவனத்தை விட்டு விலகிய யோகோய், மறு ஆண்டே சாலை விபத்தில் இறந்தார்.

இந்தியர்களுக்கு இதில் என்ன அக்கறை? 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இங்கே விற்பனைக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். பல குடும்பங்களுக்கு அது இரண்டு, மூன்று மாதச் சம்பளம். எனவே இந்தியா செல்போனில் விளையாடுகிறது. அதுவும் பெரும்பாலும் விலை குறைந்த போனில். பெங்களூரிலும் புனேயிலும் கேம் உருவாக்கும் இளைஞர்கள், தங்கள் மேஜையில் இருக்கும் உயர்ரகக் கருவியில் மட்டும் சோதித்துத் திருப்தி அடையக் கூடாது. அண்ணன் கழித்துக் கொடுத்த, திரை கீறல் விழுந்த போனை ஒரு சிறுவனிடமிருந்து வாங்கிப் பார்க்கட்டும். விளையாட்டு திணறாமல் ஓடுகிறதா? பொத்தான் அவன் விரலுக்கு எட்டுகிறதா? நம் சந்தை அங்கேதான் இருக்கிறது.