காதும் ஒரு கண்ணாடிதான்

“அக்கா, சேலை சக்கரத்துல மாட்டுது!” “அண்ணே, ஸ்டாண்டு!” தமிழ்நாட்டுச் சாலையில் வண்டி ஓட்டும் யாரும் இந்தக் குரலை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். கத்துகிறவர் முன்பின் தெரியாதவர். ஹாரனை அடித்து, கையை நீட்டிக் காட்டிவிட்டு அவர் வழியே போய்விடுவார். நன்றி சொல்லக்கூட நேரம் இருக்காது. லாரிகளின் முதுகில் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதியிருப்பதும் இதே கணக்கில்தான். பின்னால் வரும் நீ என் கண்ணில் பட மாட்டாய், காதிலாவது விழு என்கிறார் அந்த ஓட்டுநர். நம் சாலைகள் பாதி கண்ணாலும் பாதி காதாலும் ஓடுகின்றன.

இதை நான் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு போய்வந்த காலம் அது. ஒருநாள் காலை சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டேன். பல்லாவரம் அருகே இடப்பக்கம் திரும்பியபோது ஸ்டாண்டு தரையில் தட்டி, வண்டியோடு சாய்ந்தேன். முழங்கையோடு போயிற்று. தூக்கிவிட்ட பெரியவர் சொன்னது இன்னும் உறுத்துகிறது: “மூணு தடவ கத்துனேன் தம்பி.” அந்த மூன்று முறையும் என் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் காதில் எதையும் மாட்டக் கூடாது என்று ஒரே போடாகச் சொல்லிவிடலாமா? முடியாது என்றே நினைக்கிறேன். பாட்டு வேறு, வழி சொல்லும் குரல் வேறு. இரண்டையும் ஒரே குற்றமாக நினைப்பதில்தான் நம் பேச்சு முழுக்கத் தடம் மாறுகிறது.

பெயர்ப்பலகை இல்லாத தெருவும், ஒரே நகரில் நான்கு காந்தி தெருக்களும், எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ‘மூன்றாவது குறுக்குத் தெரு’வும் உள்ள ஊர்களில், நாளெல்லாம் தெரியாத வீட்டு வாசல்களைத் தேடி அலைவதே உணவு விநியோகிக்கும் இளைஞரின் பிழைப்பு. கூகுள் மேப் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழிகாட்டலை 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதலில் கொண்டுவந்தது. 2018-ல் தமிழிலும் வழி சொல்லத் தொடங்கியது. அந்தக் குரல் கேட்காவிட்டால் அவர் என்ன செய்வார்? ஹேண்டில்பாரில் மாட்டிய போனைக் குனிந்து பார்ப்பார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால், இரண்டு மாநகரப் பேருந்துகளை முன்னும் பின்னுமாக நிறுத்திய நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். மேப்பைப் பார்ப்பதைவிடக் கேட்பதே மேல்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இத்தனை உயிர் போகும் இடத்தில் விதி தெளிவாக இருக்க வேண்டாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறைக்கும் இடம் உண்டு. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, கவனம் சிதறாத வகையில் வழி அறிய மட்டும் அந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. இரண்டுமே கையைப் பற்றித்தான் பேசுகின்றன. காதில் செருகுவதைப் பற்றி அந்த வரிகளில் ஒரு சொல் இல்லை. எது குற்றம் என்பது சிக்னலில் நிற்கும் காவலரின் பார்வைக்கு விடப்பட்டிருக்கிறது.

பிரான்ஸ் 2015 ஜூலையிலேயே இதற்கு ஒரு கோடு கிழித்துவிட்டது. வண்டி ஓட்டுபவர் காதுக்குள் ஒலிக்கருவி எதையும் வைக்கக் கூடாது, மீறினால் 135 யூரோ. ஆனால், ஹெல்மெட்டுக்குள்ளேயே பொருத்திய ஸ்பீக்கருக்குத் தடை இல்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு காதையும் அடைக்கக் கூடாது, ஒன்றில் மாட்டலாம். எனக்கு பிரான்ஸின் வழியே சரியாகப் படுகிறது. ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, அது இரு காதுகளையும் வந்தடையும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை வைத்தே மூளை கண்டுபிடிக்கிறது. ஒரு காதை அடைத்தால் ஹாரன் கேட்கும்; ஆனால் அது இடமா வலமா என்பது குழம்பிவிடும். நம் ஊரில் இடப்பக்கமும் முந்துவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நெடுஞ்சாலையின் கதை வேறு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 100 டெசிபலை நெருங்கும். அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கால்மணி நேரம்தான். அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமானால் ஒலியை எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கும்! திண்டிவனம் தாண்டுவதற்குள் காதுக்கு நேரும் சேதம் அன்றைக்குத் தெரியாது. ஐம்பது வயதில் பேரப்பிள்ளையின் மழலை பிடிபடாதபோது தெரியும்.

பாட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. இரவு பதினொரு மணிக்கு, பத்து மணி நேரம் ஓட்டிக் களைத்தவருக்கு அது ஒன்றுதான் துணை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வண்டி ஓடும்போது வேண்டாம் என்றே சொல்வேன். வழி சொல்லும் குரல் சில சொற்களைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும், அடுத்த திருப்பம் வரை காது நம்முடையது. பாட்டு அந்த இடைவெளியைத் தருவதில்லை.

அந்தக் குரலும் திருந்த வேண்டும். 2008-ல் திறந்த கத்திப்பாரா மேம்பாலத்தில் எந்தக் கிளையில் ஏறுவது என்று ஏறிய பிறகு தெரிந்து என்ன பயன்? மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்று முன்கூட்டிச் சொல்லும் வசதியை 2024-ல்தான் 40 இந்திய நகரங்களுக்கு கூகுள் கொண்டுவந்தது. காரில் ஏசி போட்டு அமர்ந்திருப்பவருக்குச் சொல்வதைவிட, ஹெல்மெட்டும் காற்றுமாகப் போகிறவருக்கு இன்னும் முன்னதாக, இன்னும் சுருக்கமாக, இரண்டு முறை சொல்ல வேண்டும்.

உணவு விநியோகிக்கும் இளைஞர்களைப் போன்ற இணையவழித் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்று தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. நல்ல காரியம். அதோடு ஸ்பீக்கர் பொருத்திய தரமான ஹெல்மெட் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம். விநியோக நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆர்டருக்கு மணியடித்து, சில நொடிகளுக்குள் திரையைத் தொடச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்? வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது அந்தப் போனுக்கே தெரியும். சாப்பாடு எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்று கணக்கிடும் செயலியால், ஓட்டுபவர் ஓரமாக நிறுத்தி ஸ்டாண்டு போடும்வரை அந்த மணியை நிறுத்திவைக்கவும் முடியும்.