சமையல்காரர் வேண்டும், முதலாளி வேண்டாமா?

திண்டுக்கல் என்றால் ஒரு காலத்தில் பூட்டு. இப்போது பிரியாணி. 1957இல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த கடை, அவருடைய தலைப்பாகையின் பெயரில் கடல் தாண்டியும் போய்விட்டது. பைபாஸ் ஓரத்தில் புதிது புதிதாக ஓட்டல்கள் முளைக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் நம் தமிழ்நாட்டு ஓட்டல் போர்டுகளை ஒருநாள் வரிசையாகப் படித்துப் பாருங்கள். அய்யர், முதலியார், கோனார், நாயர், எல்லாரும் இருக்கிறார்கள். தன் ஜாதியை அப்படிக் கூச்சமில்லாமல் எழுதிவைத்த ஒரு தலித் முதலாளியின் போர்டைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஜாதிப் பெயர் எந்தப் போர்டிலும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அதே 1957இல்தான் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மறியல் நடத்தினார். என் கேள்வி வேறு. ஒருவருக்கு ஜாதி விளம்பரமாகவும் இன்னொருவருக்கு ஒளித்துவைக்க வேண்டிய ரகசியமாகவும் இருப்பது என்ன நியாயம்?

அவர்களுக்குச் சமைக்கத் தெரியாதா? அந்தக் காலத்துச் சென்னையில் வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பறையர் சமூகத்தார். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று தினமும் படித்து வளர்ந்தவன். ஆகவே ஒரு பிரெஞ்சுச் சமையல் கதையும் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜெபர்சன் 1784இல் பாரிசுக்குப் போனபோது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற கறுப்பின அடிமையைக் கூட்டிப்போய் பிரெஞ்சுச் சமையல் கற்க வைத்தார். 1796இல்தான் விடுதலை கொடுத்தார். அதுவும் ஹெமிங்ஸ் தன் தம்பிக்கு அந்தச் சமையலைச் சொல்லிக்கொடுத்த பிறகு! கை வேண்டும், ஆள் வேண்டாம். அங்கேயும் இதே கணக்குதான்.

பழைய கதை என்பீர்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டது. 2022இல் ஆம்பூரில் அரசே அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வைத்தார்கள். ஆதிதிராவிடர் ஆணையம் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று.

‘அதுதான் கடன் தருகிறார்களே’ என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் என்றது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மானியம் தருகிறது. ஆனால் கடை போட இடம்? எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பிரியாணி மாஸ்டர், திண்டுக்கல்லில் கட்டடம் தேடி அலைந்தார். வாடகை பேசி முடித்த பிறகு ஒரே கேள்வி: ‘தம்பிக்கு எந்தத் தெரு?’ மறுநாள் போனால், ‘வேற ஆள்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டோமே!’ இப்படி மூன்று இடத்தில். வாடகை ஒப்பந்தம் இல்லாமல் கடன் மனு நகரவில்லை.

இப்போது அவர் வீட்டிலேயே சமைத்து, ஒரு பூவின் பெயரை வைத்து, போனில் ஆர்டர் எடுக்கிறார். வாங்கிச் சாப்பிட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆக, நாக்குக்கு ஜாதி தெரியவில்லை. கட்டட முதலாளிக்குத்தான் தெரிகிறது.

முப்பத்தைந்து வருஷம் கோப்பு புரட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 1955ஆம் வருஷத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமை பார்த்து ஒருவரை வியாபாரம் செய்ய விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 7ஆம் பிரிவு, இடம் வாடகைக்கு விட மறுப்பதையும் ‘புறக்கணிப்பு’ என்ற விளக்கத்துக்குள் வைத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது. ‘அட்வான்ஸ் வாங்கிட்டோம்’ என்ற ஒரு பொய் அதைத் தாண்டிவிடுகிறது.

அதனால் கட்டடம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். அதிகாரிகளுக்கு: கடன் ஆணையோடு கடமை முடிந்துவிடாது. கடை திறந்ததா என்று பாருங்கள். சாப்பிடப் போகும் நமக்கு: அந்தத் தம்பி தன் சொந்தப் பெயரில் போர்டு மாட்டும் நாளிலும் இதே வரிசை நிற்க வேண்டும்.