பிராசசரின் இருப்பிடம்

சிறுசேரி சிப்காட் வளாகத் தரவு மையங்களில் இருப்பவை போன்ற இரட்டைச் சாக்கெட் சர்வர்களில், ஒவ்வொரு சாக்கெட்டும் தன்னருகே பொருத்தப்பட்ட நினைவகத்தோடு சேர்ந்து ஒரு ‘நோட்’, அதாவது நினைவகக் கணு, ஆகிறது. எந்த பிராசசர் எந்தக் கணுவைச் சேர்ந்தது என்பதை, இயந்திரம் தொடங்கும்போது ஃபர்ம்வேர் தரும் ‘எஸ்ஆர்ஏடி’ அட்டவணையிலிருந்து அறியும் லினக்ஸ் கெர்னல், அந்தக் கணுவின் எண்ணை ஒவ்வொரு பிராசசருக்கும் உரிய தனி மாறியில் எழுதி வைக்கிறது. நினைவகம் கேட்கும் நிரலுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைப்பது அந்தச் சிறு எண்ணை நம்பித்தான். கணுக்களுக்கு இடையிலான தொலைவைக் குறிக்கும் மற்றோர் அட்டவணையில் சொந்தக் கணுவின் மதிப்பு 10. அயல் கணுவுக்குப் பெரும்பாலும் 20 அல்லது 21. ஃபர்ம்வேர் தவறாகச் சொன்னாலும், வாடகைக்கு விடப்படும் மெய்நிகர் இயந்திரத்திடம் உண்மையான அமைப்பு மறைக்கப்பட்டாலும், நிரல் நிற்பதில்லை, விடை மாறுவதில்லை, பிழைச்செய்தி வருவதில்லை. வேகம் மட்டும் குறைகிறது என்பதே இத்தவற்றின் கொடுமை. ஆகவே கிளவுட் நிறுவனங்கள் கணு அமைப்பை வாடிக்கையாளருக்கு மறைக்காமல் காட்ட வேண்டும். தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரையுள்ள பொறியியல் கல்லூரிகளும், இயங்குதள ஆய்வகத்தில் ‘நியூமாசிடிஎல்’ கருவியைக் கொண்டு, ஒரே நிரலைச் சொந்தக் கணுவின் நினைவகத்திலும் அயல் கணுவின் நினைவகத்திலும் ஓட்டி, நேர வேறுபாட்டை மாணவர்களே அளந்து பார்க்கச் செய்ய வேண்டும்.