பழைய காருக்குப் புதிய பூட்டு

கர்நாடக எல்லையையடுத்த ஓசூரிலே, 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800 போன்ற பழைய கார்களைச் சிலர் இன்றும் பேணி வருகின்றனர். எல்லாக் கதவுகளையும் ஒருங்கே பூட்டும் சென்ட்ரல் லாக்கை அவற்றிற் பொருத்துதல் வீண் ஆடம்பரமென்பாருளர். யாம் அவ்வாறு கருதோம். பின்கதவைப் பூட்ட மறக்குங் குறை அதனால் நீங்கும்.

ஆயினும் ஒன்று கூறுவோம். கதவினுள் வைக்கும் சிறு மோட்டார், 12 வோல்ட் மின்சாரம் ஒரு திசையிற் பாயின் பூட்டும். திசை மாறின் திறக்கும். கதவு அசையுந்தோறும் அதன் கம்பியும் வளைகின்றது. ரப்பர்க் குழாயின்றி விடின் உறை தேயும். ப்யூஸும் இல்லையேல் தீப்பற்றவுங் கூடும். பாட்டரி ஓய்ந்தபோதும் உள்ளிருப்போர் கையாற் திறத்தல் கூடுமா என்று சோதித்த பின்னரே மெக்கானிக்கிற்குக் கூலி கொடுமின். திறவாத பூட்டு வண்டிக்குக் காவலாகலாம், உயிருக்குக் காவலாகாது.