நாடா வாள்: வாங்கலாமா, வேண்டாமா?

தோட்டத்தில் மறுநடவு நடக்கப் போகிறது என்றோ, நிலம் கைமாறிவிட்டது என்றோ செய்தி வந்துவிட்டால், பெரட்டுக் களத்திலிருந்து லயத்து வாசல் வரை இரண்டே பேச்சுத்தான். நமக்கு என்ன கிடைக்கும் என்பது ஒன்று. கிடைப்பதை வைத்து என்ன செய்வது என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்குச் சட்டம் ஒருவாறு விடை சொல்லியிருக்கிறது. ஆட்குறைப்பால் வேலை இழந்தவர் ஐந்தாண்டோ அதற்கு மேலோ சேவை செய்திருந்தால், 1980-ஆம் ஆண்டின் வேலை நீக்கப் பலன் விதிகளின்படி, ஆண்டொன்றுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளம் அவருக்கு உரியது. முப்பது ஆண்டு உளி பிடித்த கைக்கு 600 நாள் சம்பளம். அது முதலாளி போடும் பிச்சை அன்று, நமது உரிமை. ஆனால் ஒரு முறைதான் வரும். கைவிட்டுப் போனால் மறுபடி வராது. ஆகவே இரண்டாவது கேள்வியைப் பற்றி நாம் ஆற அமர யோசிக்க வேண்டியிருக்கிறது.

அண்மைக் காலமாக இளைஞர்கள் சிலர் ஒரு யோசனை சொல்கிறார்கள். "வெட்டிச் சாய்க்கப்படும் பால் மரமெல்லாம் யாருக்கோ பணமாகப் போகிறது. நாமே ஒரு சிறிய மரம் அறுக்கும் இயந்திரம் வாங்கினால் என்ன? ஒரு லோரியில் ஏற்றிப் போகலாம். இரண்டு பேர் போதும்" என்கிறார்கள். இந்த யோசனையைச் சிரித்துத் தள்ளுவது நமது எண்ணமன்று. தொழிலாளி தொழிலுக்கு உடையவனாக வேண்டும் என்று பேசும் நாம் அப்படித் தள்ளவும் கூடாது. அதன் நன்மை தீமைகளைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் அது என்ன பொருள் என்று தெரிந்துகொள்வோம். இரண்டு சக்கரங்களின்மேல் நாடாவைப் போல் வளைந்து ஓடும் மெல்லிய பல்வாள். அதை ஓட்டப் பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சின். கீழே தண்டவாளம் போன்ற இரும்புச் சட்டம். கட்டையை அந்தச் சட்டத்தின்மேல் அசையாமல் இறுக்கி வைத்து, வாளைத் தள்ளிக்கொண்டு போனால் பலகை பலகையாகக் கழன்று வரும். பெரிய ஆலையில் கட்டை வாளிடம் போகிறது. இங்கே வாள் கட்டையிடம் வருகிறது. இதுதான் வேற்றுமை.

இதன் முதல் நன்மை சிக்கனம். வட்ட வாள் ஒரு முறை அறுத்தால் 5, 6 மில்லிமீட்டர் மரம் தூளாகப் போகும். சங்கிலி வாள் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை தின்னும். நாடா வாள் தின்பது சுமார் 2 மில்லிமீட்டர்தான். நமது கிராணிமார்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு கட்டையில் பத்து அறுப்பு என்றால் வட்ட வாளுக்கு 60 மில்லிமீட்டர் பலி. நாடா வாளுக்கு 20. மிச்சம் 40 மில்லிமீட்டர். அதாவது 25 மில்லிமீட்டர் பலகை ஒன்று முழுதாகக் கைக்கு வந்து, இன்னும் மீதியும் இருக்கும். மெலிந்த பால் மரத்தில் இது சிறிய லாபமன்று.

இரண்டாவது நன்மை, இடத்துக்கு இடம் போகலாம் என்பது. சிறு தோட்டக்காரர் இரண்டு ஏக்கர் மரத்தைச் சாய்த்தால், பெரிய ஆலை அவரை நாடி வருவதில்லை. இடைத்தரகர் வருகிறார், சொன்னதுதான் விலை. இயந்திரம் அவர் வாசலுக்கே போனால் அவருக்கும் நல்லது, நமக்கும் கூலி. காற்றில் விழுந்த பலா, கம்பத்தில் வெட்டிய துரியான், கோவில் வளாகத்தில் பட்டுப்போன மரம், இவையெல்லாம் வீணாகாமல் பெஞ்சாகவும் மேசையாகவும் மாறும்.

மூன்றாவது நன்மை, நாம் பிறந்து வளர்ந்த மரத்தையே நாம் மதிக்கக் கற்றுக்கொள்வது. 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரம் முன்னாளில் விறகாயிற்று, புகைக்கூட்டுக்கு எரிபொருளாயிற்று, அல்லது கிடந்த இடத்திலேயே தீயிடப்பட்டது. இன்று அந்த வெள்ளை மரம் மூவார் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நாற்காலியாகி, கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகிறது. மரத்தைக் குழந்தைபோல் வளர்த்தவர்களுக்கு அதன் கடைசி வெள்ளியில் பங்கில்லை என்பது வருந்தத்தக்க விஷயமே.

நிற்க. இனித் தராசின் மற்றத் தட்டைப் பார்ப்போம்.

முதற் கஷ்டம் பால் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. அது மேரந்தியோ செங்காலோ அன்று, அறுத்து அடுக்கிவிட்டு ஆறுதலாக விலை பேச. அதில் மாவுச்சத்து அதிகம். பச்சையாக அறுத்த பலகையைச் சும்மா விட்டால், ஓரிரு நாளிலேயே நீலக் கறை பிடிக்கத் தொடங்கும். பின்னால் துளைக்கும் வண்டு வந்து மாவாக உதிர்க்கும். அதனால்தான் ஆலைக்காரர்கள் அறுத்த சூட்டோடு பலகையைப் போரான் மருந்தில் அமுக்கி, உலையில் வைத்து, ஈரம் நூற்றுக்கு 8 முதல் 12 வரை இறங்கும்படி உலர்த்துகிறார்கள். ஆக, அறுக்கும் இயந்திரம் மட்டும் வாங்கினவர் பாதித் தொழிலைத்தான் வாங்கியிருக்கிறார். மருந்துத் தொட்டியும் உலையும் இல்லாதவர் பச்சைப் பலகையை அன்றன்றே விற்றாக வேண்டும். அவசரத்தில் விற்பவனுக்கு விலை சொல்லும் வாய் இல்லை. இடைத்தரகரிடமிருந்து தப்ப எண்ணி மறுபடியும் அவரிடமே போய் நிற்பதில் என்ன பயன்?

இரண்டாவது கஷ்டம், மரம் யாருடையது என்ற கேள்வி. தோட்டத்து மரம் தோட்டத்துக்குச் சொந்தம். நிர்வாகம் நிற்கும் மரங்களை மொத்தமாகக் குத்தகைக்காரருக்கு விற்றுவிடுகிறது. நாம் இயந்திரத்தோடு போய் நின்றால் கட்டை கிடைத்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. காட்டு மரத்தைத் தொடுவதோ பேராபத்து. 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் 1993-இல் திருத்தப்பட்டபோதே, கள்ளத்தனமாக மரம் வெட்டுவதற்கு 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என்று தண்டனை ஏறிவிட்டது. மரம் அறுத்து விற்கும் தொழிலுக்கு மாநிலந்தோறும் தனிச் சட்டமும் உரிமமும் உண்டு. "சின்ன இயந்திரந்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று சொல்லும் விற்பனையாளர், அபராதம் கட்ட வரமாட்டார்.

மூன்றாவது கஷ்டம் வாளின் பசி. நாடா வாள் மெல்லியது. மெல்லியதாக இருப்பதால்தான் சிக்கனம். அதே காரணத்தால் சில மணி நேரத்தில் முனை மழுங்கும், பலகை அலையலையாக வரும், கவனம் பிசகினால் வாள் அறுந்தும் போகும். உளியைத் தீட்டாமல் மரத்தடிக்குப் போன வெட்டுக்காரர் எவரும் இல்லை. அது போலவே பல் தீட்டவும், பல்லை இருபுறமும் வளைத்து வைக்கவும் தெரியாதவர் இந்த இயந்திரத்தைத் தொடக்கூடாது. பட்டையில் தங்கிய பால் வேறு வாளில் ஒட்டிப் பிசினாகும்.

இதில் நமக்கே தெரிந்த ஓர் இரகசியமும் உண்டு. மங்கு தாங்கும் கம்பியையும், பால் வடியும் தகரத்தையும் எத்தனை மரங்கள் விழுங்கி வைத்திருக்கின்றன என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? வெளியே வழவழப்பான பட்டை, உள்ளே இரும்பு. வாள் அதில் பட்ட கணமே பற்கள் போயின. ஆகையால் தகரம் அறைந்த அடிப்பகுதியை நன்றாகச் சோதித்த பிறகே வாள் வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ஆலைத் தொழிலாளியைவிடப் பால் வெட்டியவரே கெட்டிக்காரர்.

நான்காவது கஷ்டம் உடம்புக்கு. பெரிய ஆலையோடு ஒப்பிட்டால் இது சிறிய வாள்தான். ஆனால் விரலுக்குச் சிறிய வாள், பெரிய வாள் என்ற பேதம் தெரியாது. உருளும் கட்டை காலை நசுக்கும். எஞ்சின் இரைச்சல் காதைக் கெடுக்கும். மரத்தூளோ மூக்கிலும் நெஞ்சிலும் படியும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. தோட்டத்தில் கை வெட்டுப்பட்டால் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் கேட்கலாம். சொந்தத் தொழிலில் முதலாளியும் நாமே, கூலியும் நாமே. சுயதொழில் செய்வோருக்கென 2017-இல் வந்த சட்டத்தின் கீழ் சந்தா கட்டி வைத்திருந்தாலன்றி, நொண்டிக் கையோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். தனி ஒருவர், தம் 600 நாள் சம்பளத்தையும் கொட்டி, போதாததற்குக் கடனும் வாங்கி, இந்த இயந்திரத்தை வாங்குவது கூடாது. அது தொழில் தொடங்குவதன்று. ஆழம் தெரியாமல் ஆற்றில் கால் விடுவது. இயந்திரம் ஓடாத நாளிலும் கடனுக்கு வட்டி ஓடும்.

ஆனால் பத்துப் பேர் சேர்ந்து, ஒவ்வொருவரும் தாங்கக்கூடிய சிறு பங்கு போட்டு வாங்குவதானால், அது வேறு கதை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நமது பெற்றோர் மாதம் பத்து வெள்ளியாகக் கொடுத்துத்தான் தோட்டத்துக்கே பங்காளிகள் ஆனார்கள். தனியாக நின்றிருந்தால் ஒரு வரிசை மரங்கூட அவர்களுக்குச் சொந்தமாகியிராது. தோட்டம் வாங்கிய வழி, வாள் வாங்கவும் உதவும்.

அப்படிச் சேர்பவர்களுக்கு நாம் சொல்லும் ஒழுங்கு இது. முதலாவதாக, இயந்திரத்துக்கு முன்கூட்டியே கட்டையையும் வாடிக்கையையும் தேடுங்கள். எந்தச் சிறு தோட்டக்காரர் எப்போது மறுநடவு செய்கிறார், பலகையை யார் வாங்குகிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவதாக, மாநில வனத்துறை அலுவலகத்தில் உரிமம் பற்றி நேரில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவதாக, கட்டை வாங்கி விற்பதைவிட, பிறர் கட்டையைக் கூலிக்கு அறுத்துக் கொடுப்பதில் தொடங்குங்கள். பலகை கறுத்தால் நஷ்டம் நம் தலையில் விழாது. நான்காவதாக, கணக்கை ஒரு கிராணியிடம் ஒப்படையுங்கள். எண்ணெய், வாள், கூலி, லோரி வாடகை ஆகியவற்றோடு இயந்திரத்தின் தேய்மானத்துக்கும் ஒரு பத்தி இருக்கட்டும். அந்தப் பத்தி இல்லாத கணக்கில் முதல் ஆண்டு எல்லாம் லாபமாகத்தான் தெரியும். இயந்திரம் ஓய்ந்த அன்றுதான் உண்மை தெரியும். ஐந்தாவதாக, இரண்டு இளைஞர்களை வேறோர் ஆலையில் சில மாதம் கூலிக்கு வேலை செய்து பழகிவரச் சொல்லுங்கள். பிறர் வாளில் படித்த பாடம் மலிவு.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்தும் கணக்கும் உங்கள் கையில். மரத்தின் குணம் வெட்டுக்காரர் கையில். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுபவரும் பெயர் கொடுப்பவருமாகப் பிரிந்து நின்ற காலம் போகட்டும். ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இது போன்ற காரியம் கைகூடும்.

தோழர்களே, விற்பவர் காட்டும் படத்தில் கட்டை வெண்ணெய் போல் அறுபடும். படத்தில் மழை பெய்வதில்லை, வாள் அறுவதில்லை, கடன்காரர் வருவதில்லை. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் கிளைத் தலைவரிடம் வாருங்கள், காகிதத்தைக் காட்டுங்கள், மனைவி மக்களோடும் கலந்து பேசுங்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதன்று. தேரின் வடத்தைப் பத்துப் பேர் பிடிக்கட்டும். ஒருவர் மட்டும் இழுத்து அதன் சக்கரத்தில் விழ நாம் சம்மதிக்கமாட்டோம்.