மாடக்குளக்கீழ் மதுரை

பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த நகரத்துக்கு ஒரு முகவரி உண்டு: மாடக்குளக்கீழ் மதுரை. ஊரை அடையாளம் காட்ட மாடக்குளம் என்ற கண்மாயின் பெயரைச் சொன்னார்கள். இன்று பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகிறவர்களில் எத்தனை பேர் வழியிலுள்ள இன்னொரு கண்மாயான தென்காலைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

இன்றைய விவசாயம் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டால், உரம், பூச்சிமருந்து, விதை என்று பேச்சு உழவர் தலையில் போய் விழுகிறது. நம் பக்கத்தில் கேள்வி கண்மாய்க்குள்தான் கிடக்கிறது. கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டலை வண்டி கட்டி அள்ளி வயலில் கொட்டிய காலம் ஒன்று இருந்தது. அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டார்கள். வயலுக்கு உரம் ஆயிற்று. கண்மாயும் தூர்ந்துபோகாமல் இருந்தது.

1960-களின் நடுவில் குட்டை ரக நெல்லும் கூடவே யூரியாவும் வந்தன. பஞ்சத்துக்கு அஞ்சிக்கிடந்த நாட்டுக்கு அவை சோறு போட்டன. அதை மறுத்தால் நன்றிகெட்டவர்களாவோம். ஆனால் உரம் மூட்டையில் வந்து இறங்கியதும் வண்டலுக்குப் போன வண்டி நின்றுவிட்டது. ஆழ்குழாய்க் கிணறு வந்ததும் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்ட ஆள் வரவில்லை. மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பங்கிட்ட நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளந்து கொடுக்கும் வழக்கமும் தேய்ந்தது. அவரவர் மோட்டார் அவரவருக்கு என்றானபின் கண்மாயைக் கேட்க நாதியில்லை.

அந்த மோட்டார் இறைப்பதும் பெரும்பாலும் கண்மாய் நிறைந்தபோது மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரைத்தான். பசுமலையில் வீட்டுக்குப் பின்னால் போர் போட்டவரும் அதையேதான் குடிக்கிறார். ஆகவே வயல் இல்லாதவருக்கும் இதில் பங்கு உண்டு, கடமையும் உண்டு. 2011-ல் திருப்பரங்குன்றம் மாநகராட்சிக்குள் வந்தது; அங்கே கழிவுநீர் இப்போது மாநகராட்சியின் பொறுப்பு. வரத்துக்காலில் கழிவுநீர் கலந்தால் அதற்குக் கண்மாய்ப் பாசன நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர் என்ன செய்ய முடியும்?

பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்கத் தமிழ்நாடு 2000-ல் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம். ஆனால் அதன் சங்கங்கள் நிலத்தோடு தொடர்புடையவர்களுக்கானவை. நகரம் சூழ்ந்துவிட்ட கண்மாய்க்கு அது போதாது. உழவர், கரையோரக் குடியிருப்போர், மாமன்ற உறுப்பினர், நீர்வளத்துறைப் பொறியாளர் ஆகியோர் ஒன்றாக உட்கார ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் திறந்தது மதுரை அண்ணா நகரில்தான். விளைவிப்பவரையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் நிறுத்திய ஊர், கண்மாய்க்கரையிலும் அவர்களைச் சேர்த்து உட்காரவைக்க முடியும்.

உழவர் தம் பங்குக்கு யூரியாவைக் கொஞ்சம் குறைத்து, அனுமதி பெற்று வண்டலை வயலுக்குக் கொண்டுபோகலாம். வீட்டுக்காரர் தம் சாக்கடைக் குழாய் எங்கே போய்த் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். மாநகராட்சி அதற்கு மாற்றுவழி அமைத்துத் தர வேண்டும். முதல் கூட்டத்தைப் புரட்டாசியிலேயே, ஐப்பசி மழைக்கு முன்னால், தென்கால் கரையில் நடத்துவோம். வரத்துக்கால் நெடுக நடந்து, எந்தெந்தக் குழாய் அதில் விழுகிறது என்று எல்லோருமாகக் குறித்துக்கொண்டு வருவதே அன்றைய வேலை.